கர்ப்பமானால் கிடைக்கும் குளுக்கோஸ் தண்ணீர்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளின் நாள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கையில் டம்ளர், டம்ளரில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். நாக்கில் பட்டதும் திகட்டும். சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிடுவார்கள். சிலர் பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். குமட்டாமல் இருக்க அரை மூடி எலுமிச்சை பிழிந்து கொடுக்கும் செவிலியர்களும் உண்டு. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 140 மில்லிகிராமைத் தொட்டிருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று குறித்துக்கொண்டு, உணவு, மறுசோதனை, தேவைப்பட்டால் மருந்து என்று அன்றிலிருந்தே கவனிப்பு தொடங்கிவிடும்.

இந்த டம்ளர் சென்னையில் பிறந்தது என்று சொல்லலாம். வெறும் வயிற்றோடு வா என்றால் கிராமத்துக் கர்ப்பிணி இரண்டாவது முறை வரமாட்டாள் என்பதை உணர்ந்தவர் நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா. சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, ஒரே தடவை சோதித்தால் போதும் என்ற எளிய முறையை வலியுறுத்தினார். 2007-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. பிறகு நாடே பின்தொடர்ந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சிலரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பதினேழு வயதிலிருந்தே மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளித் தள்ளித்தான் வந்தது என்பார்கள். கழுத்தைச் சுற்றிக் கறுப்பு படர்ந்தபோது அழுக்கு என்று நினைத்து அம்மா பயத்தமாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்ததைச் சொல்வார்கள். தேய்த்துத் தோல் எரிந்ததே தவிர கறுப்பு போகவில்லை. போகாது, ஏனென்றால் அது அழுக்கு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரப்பதைத் தோல் வெளியே காட்டும் விதம் அது. இந்த டம்ளர் அவளுக்கு ஏழெட்டு வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். அப்போது அவள் கர்ப்பிணி இல்லை, அதனால் வரவில்லை.

பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறோடு வாழும் பெண்களுக்கு நம் மருத்துவ அமைப்பு தரும் கவனிப்பைப் பற்றி எனக்குள்ள புகார் முழுவதும் இந்த ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடும். தேவையான மருந்தும் சோதனையும் ஆளும் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கின்றன. கர்ப்பம், குடும்பக் கட்டுப்பாடு, முப்பது வயது என்று வெவ்வேறு பூட்டுகளுக்குப் பின்னால் இருக்கின்றன.

முதலில் பெயர் செய்யும் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் இதை 'நீர்க்கட்டி' என்கிறோம். 'கருப்பை நீர்க்கட்டி' என்று எழுதுவோரும் உண்டு. அது இரட்டைத் தவறு. இதற்கும் கருப்பைக்கும் நேரடித் தொடர்பில்லை, சினைப்பையில் தெரிபவை கட்டிகளும் இல்லை. 1935-இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிலக்கு நின்றுபோன அவர்களின் சினைப்பைகள் பெருத்து, சின்னச் சின்ன நீர்ப்பைகளாக நிறைந்திருந்தன. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பெயர் வந்துவிட்டது. அந்த நீர்ப்பைகள் உண்மையில் கருமுட்டை வளரும் சிறு கூடுகள், இரண்டிலிருந்து ஒன்பது மில்லிமீட்டருக்குள் இருப்பவை. ஒவ்வொரு மாதமும் பல கூடுகள் வளரத் தொடங்கி, அவற்றில் ஒன்று மட்டும் முந்தி முதிர்ந்து முட்டையை வெளியிட வேண்டும். இங்கே எதுவும் முந்துவதில்லை. நாற்றங்காலில் நெருக்கமாக முளைத்துவிட்டு, ஒன்றுகூடக் கதிர் பிடிக்காமல் நிற்கும் நாற்றுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாற்றை யாரும் அறுவை செய்து எடுப்பதில்லை. ஆனால் 'கட்டி' என்று சொன்னதும் வீட்டில் புற்றுநோய் பயம் வருகிறது. 'கட்டி கரைந்துவிட்டதா' என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கிறார்கள். கழற்சிக்காயை உடைத்து மிளகோடு பொடித்துக் கொடுத்தால் கரையும் என்று அத்தை சொல்கிறாள். கரைவதற்கு அங்கே எதுவும் இல்லை என்பதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். இன்னொன்று: பிசிஓடி என்றால் லேசானது, பிசிஓஎஸ் என்றால் தீவிரமானது என்று ஒரு விளக்கம் ஊர் முழுக்க உலவுகிறது. அப்படி இரண்டு நோய்கள் கிடையாது. ஒரே கோளாறுக்கு இரண்டு பெயர்கள், அவ்வளவுதான். பெயரையே மாற்ற வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2012-லேயே பரிந்துரைத்தது. சினைப்பையைக் காட்டும் பெயர் முழு உடம்பையும் மறைக்கிறது என்பதுதான் அவர்கள் வாதம்.

முழு உடம்பு என்றால் என்ன? பல பெண்களுக்கு இதன் வேர் இன்சுலினில் இருக்கிறது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கவைக்கிறது. போதாததற்கு, அந்த ஹார்மோனை ரத்தத்தில் கட்டிப்போடும் புரதத்தைக் கல்லீரல் குறைத்துவிடுகிறது. முகத்தில் பருவும் தாடையில் முடியும் வருவது இதனால். கருமுட்டை வெளிவராததால் மாதவிலக்கு தவறுகிறது. பல மாதங்கள் தவறினால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். அதைக் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. மூன்று மாதத்துக்கு மேல் வரவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். இன்னொரு பக்கம் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு. மெலிந்த பெண்களுக்கும் இது வரும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒல்லியாக இருப்பவளைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

உலக அளவில் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாகவும், அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 40 வயது வரையிலான 9,824 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2024-இல் வெளியானது. பழைய, கறாரான அளவுகோலில் 7.2 சதவீதம் பேருக்கு இருக்கிறது. 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலில் 19.6 சதவீதம். பார்க்கப்பட்ட பெண்கள் அதே பெண்கள்தான். ராட்டர்டாம் முறையில் மாதவிலக்குக் கோளாறு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் போதும். ஸ்கேன் உள்ளே வந்ததும் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. ஐந்தில் ஒரு பெண் என்று தலைப்புப் போடுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்கேன் என்றதும் என் அக்கா மகளின் நினைவு வருகிறது. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பூப்பெய்தி இரண்டு வருடம். நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. அக்காவுக்குப் பயம். ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்துக்கு அழைத்துப் போனோம். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கவைத்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். சுற்றிலும் கர்ப்பிணிகள். மேசையில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, பள்ளிச் சீருடையில் நின்றவளிடம், "எத்தனையாவது மாதம்?" என்று கேட்டாள். பழக்கதோஷம், நிமிர்ந்து பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அறிக்கையில் இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி என்று வந்தது. அதைப் பார்த்த மருத்துவர் ஒரு மாத்திரையை எழுதிவிட்டு, "கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார். "சித்தி, எனக்கு என்ன ஆயிற்று?" என்று பஸ்ஸில் அவள் கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

இன்று இருக்கிறது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் உருவான சர்வதேச வழிகாட்டி (2018-இல் வந்தது, 2023-இல் திருத்தப்பட்டது) இதைத் தெளிவாகச் சொல்கிறது. பூப்பெய்திய ஓராண்டுக்குப் பிறகு, மூன்றாம் ஆண்டு முடியும் வரை 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்பானது. பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும் வரை ஸ்கேனை வைத்து இந்தக் கோளாறை முடிவுசெய்யவே கூடாது, ஏனென்றால் அந்த வயதில் நிறையக் கூடுகளோடு இருப்பதுதான் ஆரோக்கியமான சினைப்பையின் தோற்றம். வளரிளம் பெண்ணிடம் மாதவிலக்குக் கோளாறு, ஆண் ஹார்மோன் மிகுதி இரண்டும் இருந்தால்தான் பெயர் சூட்டலாம். ஒன்று மட்டும் இருந்தால், வர வாய்ப்புள்ளவள் என்று குறித்துக்கொண்டு சில ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்தத் திரும்பப் பார்ப்பதற்கு நம்மிடம் ஏற்பாடு இல்லை. பதினைந்து வயதுக்காரிக்குத் தேவையில்லாத பெயர் கிடைக்கிறது. கழுத்துக் கறுப்போடு வேலைக்குப் போகும் இருபத்துநான்கு வயதுக்காரியை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. மிகையும் குறையும் ஒரே தெருவில் இருக்கின்றன.

கல்யாணமானால் சரியாகிவிடும் என்ற வாக்குக்கு ஒரு வேடிக்கையான ஆதாரமும் உண்டு. வயது ஏற ஏற சினைப்பையில் கூடுகள் குறைவதால், முப்பதுகளில் பலருக்கு மாதவிலக்கு தானாகவே ஓரளவு சீராகும். அதற்குள் கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்திருக்கும். புகழ் தாலிக்குப் போய்ச் சேரும். ஆனால் உள்ளே சர்க்கரைக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். மாதவிலக்கு ஒழுங்கானதும் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரையின் ஆபத்து வலுப்பதும் அந்த ஆண்டுகளில்தான்.

இனி அரசு அமைப்புக்குள் அவள் நுழையக்கூடிய வாசல்களைப் பார்க்கலாம். வளரிளம் பருவத்தினருக்கான தேசியத் திட்டம் 2014-இல் தொடங்கியது. 10 முதல் 19 வயது வரை. அடுத்த வாசல் கர்ப்பம். கர்ப்பம் பதிவானதும் அவளுக்கு 'பிக்மி' என்ற அரசுப் பதிவு எண் கிடைக்கிறது. அன்றிலிருந்து எடை, ரத்த அழுத்தம், ரத்தசோகை, சர்க்கரை எல்லாம் கணினியில் ஏறுகின்றன. மூன்றாவது வாசல் முப்பது வயது. அப்போதுதான் தொற்றா நோய்களுக்கான தேசியப் பரிசோதனையில் அவள் பெயர் வருகிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது, நோய் வந்தபிறகு.

இருபதிலிருந்து முப்பது வரை, கல்யாணமாகாத ஒரு பெண் இந்த மூன்றில் எதிலும் இல்லை. பனியன் கம்பெனியில் வேலை செய்பவள், விடுதியில் தங்கிப் படிப்பவள், இரவுப் பணிக்குப் போகிறவள் எல்லாரும் இந்தப் பத்து வருடத்துக்குள் இருக்கிறார்கள். இந்தக் கோளாறு முற்றுவதும் இந்த வருடங்களில்தான்.

மருந்துக்கும் இதே கதை. மாதவிலக்கைச் சீராக்கவும் பரு, முடி வளர்ச்சியைக் குறைக்கவும் வழிகாட்டி முதலில் சொல்வது இரு ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையை. விலை உயர்ந்த பிராண்டுதான் வேண்டும் என்றும் சொல்லவில்லை. அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அந்த வகைதான். ரத்த அழுத்தம் பார்த்து, ஒற்றைத் தலைவலி உண்டா, ரத்தம் உறைந்த வரலாறு உண்டா என்று கேட்டு மருத்துவர் எழுத வேண்டிய மாத்திரை. ஆனால் அது இருப்பது குடும்ப நலப் பிரிவில். கல்யாணமாகாத பெண், தெரிந்த முகங்கள் நிறைந்த ஊர் மருத்துவமனையில், அந்த அட்டையைக் கை நீட்டி வாங்குவதை நினைத்துப் பாருங்கள். மாத்திரையைவிட அதன் உறை அதிகம் பேசும்.

மெட்ஃபார்மினும் அப்படித்தான். இன்சுலின் கோளாறுக்குக் கொடுக்கும், விலை மலிவான, ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்போதும் இருக்கும் மாத்திரை. அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போனால் பாட்டி கேட்பார்: "இந்த வயதிலேயே சர்க்கரையா?" பெண் பார்க்க வரும் குடும்பத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று மாத்திரையைப் பவுடர் டப்பாவில் ஒளித்துவைத்த ஒருத்தியை எனக்குத் தெரியும். எதற்காகத் தருகிறோம் என்று இரண்டு நிமிடம், முடிந்தால் அம்மாவையும் உட்காரவைத்துச் சொல்வது இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. அதற்கு நேரம் ஒதுக்கிய ஆள் இல்லை.

கல்யாணமான பிறகு நிலைமை தலைகீழ். "விசேஷம் உண்டா?" என்ற கேள்வி ஆறாவது மாதத்தில் தொடங்கிவிடும். எட்டு வருடம் கண்டுகொள்ளாதவர்கள் எட்டு வாரத்தில் கருத்தரிப்பு மையத்தின் படியேற்றிவிடுவார்கள். இங்கே லெட்ரோசோல் என்ற மாத்திரையின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து. ஐந்து நாள் கொடுத்தால் கருமுட்டையை வெளிவரச் செய்யும். சிசுவுக்கு ஆபத்து வரலாம் என்ற அச்சத்தில் இந்தியா 2011-இல் இந்தப் பயன்பாட்டைத் தடைசெய்தது. 2014-இல் அமெரிக்காவில் இந்தக் கோளாறுள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது: பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம். 2017-இல் இங்கே தடை நீங்கியது. இன்று இதுதான் முதல் மருந்து. சோதனைக்குழாய் முறை, மற்ற வழிகள் பலிக்காதபோது கடைசியாக வர வேண்டியது. அந்த வரிசையைத் தம்பதிக்கு யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அவர்கள் நகையை அடகு வைப்பதும் வைக்காததும்.

முடியைப் பற்றி மருத்துவர்கள் கேட்பதே இல்லை, பெண்களும் சொல்வதில்லை. மருத்துவரைப் பார்க்கும் நாளன்று முகத்தில் திரெடிங் செய்துகொண்டு வருகிறாள். தாடை வழுவழுப்பாக இருக்கிறது. மருத்துவர் 'முடி வளர்ச்சி இல்லை' என்று எழுதிவிடுகிறார். உடம்பில் ஒன்பது இடங்களைப் பார்த்து மதிப்பெண் போடும் முறை உண்டு. பார்ப்பதற்கு முன் "எதையாவது எடுத்துவிட்டு வந்தீர்களா?" என்ற ஒரு கேள்வி போதும். மனச்சோர்வும் பதற்றமும் இவர்களுக்கு அதிகம், எல்லாரிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறது. நடப்பில் "எடையைக் குறை" என்ற இரண்டு சொல்லோடு ஆலோசனை முடிகிறது. எப்படி என்பதற்கு ஓட்ஸும் அவகாடோவும் அச்சிட்ட ஒரு தாள். இந்த உணவுதான் சிறந்தது என்று எதையும் தூக்கிப்பிடிக்க ஆதாரம் இல்லை என்பதே வழிகாட்டியின் நிலை. அப்படியென்றால் அவள் வீட்டுச் சமையலிலிருந்தே தொடங்கலாம்: சோற்றைக் குறைத்து, பொரியலையும் சுண்டலையும் கூட்டி. ஓட்ஸ் ஒரு மாதத்தில் நின்றுவிடும், சுண்டல் நிற்காது.

ஆஸ்திரேலியாவில் இதை நாள்பட்ட நோயாகக் கருதுகிறார்கள். குடும்ப மருத்துவர் ஒரு திட்டம் எழுதிக்கொடுத்தால், உணவு ஆலோசகர், உடற்பயிற்சி நிபுணர் போன்றோரிடம் ஆண்டுக்கு ஐந்து முறை வரை அரசு மானியத்தோடு போகலாம். ஐந்து பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் ஒரு மருத்துவர் கையில் அவளுடைய முழுக் கணக்கும் இருக்கிறது. நம் ஊரில் பருவுக்கு ஒருவர், மாதவிலக்குக்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர், நாற்பதில் சர்க்கரைக்கு ஒருவர். நான்கு கோப்பும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. காப்பீடும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். இந்தக் கோளாறோ ஆயுள் முழுக்க வெளிநோயாளியாகவே இருக்கும்.

நம்மிடம் அந்த ஒரு கைக்குத் தகுந்த ஆள் இருக்கிறார்: கிராம சுகாதார செவிலியர். வளரிளம் பெண்களுக்கான இலவச நாப்கின் அவர் வழியாகத்தான் போகிறது. வாங்க வரும் பெண்ணிடம் "போன முறை எப்போது வந்தது?" என்று கேட்டுத் தேதியைக் குறித்தாலே, யாருக்குத் தொடர்ந்து தள்ளுகிறது என்பது ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். இடுப்புச் சுற்றளவை அளக்க ஒரு டேப். தெற்காசியப் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம். ரத்த அழுத்தக் கருவி ஏற்கெனவே பையில் இருக்கிறது. கோளாறு உறுதியானவர்களுக்கு அந்த டம்ளர்: கண்டறிந்த உடனே ஒருமுறை, பிறகு ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை. வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை இவர்களில் பலருக்கு ஒழுங்காகவே இருக்கும். குளுக்கோஸ் குடித்த பிறகுதான் குட்டு வெளிப்படும். கர்ப்பிணிக்குப் போல இல்லாமல் இவர்கள் இரவு முழுக்கப் பட்டினி இருந்து காலையில் வர வேண்டும், அந்த ஒரு வித்தியாசம் உண்டு. பிறகு இவளே கர்ப்பமாகி வரும்போது, கர்ப்பகாலச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வரக்கூடியவள் என்று முதல் நாளே தெரிந்திருக்கும்.

எங்கள் ஊர்ச் செவிலியரிடம் போன மாதம் இதைக் கேட்டேன். இருபது வருடம் பணியில் இருப்பவர். எந்த வீட்டில் யாருக்கு எந்த மாதம் என்பது விரல் நுனியில் இருக்கும். கல்யாணமாகாத ஒரு பெண் வந்து, எனக்கு நீர்க்கட்டி இருக்கிறது, குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துச் சோதியுங்கள் என்று கேட்டால் என்ன செய்வீர்கள் என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். குளுக்கோஸ் பாக்கெட் அலமாரியில் இருக்கிறது, ரத்தம் எடுக்க ஆள் இருக்கிறது, கொடுப்பதில் ஒன்றும் சிரமம் இல்லை என்றார். பிறகு மேசையில் அடுக்கியிருந்த பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "கொடுத்துவிடலாம் அம்மா. கொடுத்துவிட்டு எந்தப் பக்கத்தில் எழுதுவது?"